தொழில் மாறும்போது வேலை எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கடை, பட்டறை, மில், விடுதி என்று பல இடங்களுக்குக் கணக்கு எழுதப் போகிறேன். கணக்கோடு சேர்த்து, வேலை ஓடும் முறையையும் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பழுது ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. அப்பா ஒரு கடையாக நடத்தியதை மகன் இரண்டாக்குகிறார். உள்ளூர் வாடிக்கையோடு நின்ற பலகாரம் பெங்களூருக்குப் பார்சல் போகிறது. பூட்டிக் கிடந்த வீடு விடுதியாகிறது. தொழில் மாறிவிடுகிறது, ஆனால் யார் எதை முடிவு செய்வது, வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போவது, எங்கே பதிவாவது, பணம் யார் வழியாக நகர்வது என்ற நான்கும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. இந்த நான்கையும் சேர்த்துத்தான் நடத்துமுறை என்று சொல்கிறேன்.

உங்களுக்கு உள்ள அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியில். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஆளை மாற்றுவதும் மென்பொருள் வாங்குவதும் கடைசிப் படிகள். அவற்றில் தொடங்கியவர்கள் பணத்தையும் இழந்து, நல்ல ஆளையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

முகூர்த்த நாள் வேண்டாம், வெறிச்சோடிய நாளும் வேண்டாம். சாதாரணமாக வியாபாரம் நடக்கிற நாளில் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். போன் மணி அடித்ததிலிருந்து பணம் வங்கியில் ஏறும் வரை. அதற்கு நாலு நாள் ஆகும் என்றால் நாலு நாளும். எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை உங்களிடம் யார் கொடுத்தார்? முடித்ததும் யாரிடம் போகும்? நடுவில் சிக்கினால் யாரைக் கேட்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் அறிகுறி 1. முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு பதில் வந்தால் அறிகுறி 2. "அது அவருக்குத்தான் தெரியும், அவர் இன்னைக்கு வரலை" என்றால் அறிகுறி 3. ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறார்கள் என்றால் 5. கேட்டதற்கு இரண்டு முதலாளிகளின் பெயரைச் சொல்லி, சொல்லும்போதே குரல் தாழ்ந்தால் நேராகக் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 1: எல்லாக் கேள்வியும் முதலாளியின் போனுக்கே வருகிறது

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். உரிமையாளர் சென்னையில். இங்கே ஒரு மேனேஜர், சமையலுக்கு ஒரு ஆச்சி, இரண்டு பையன்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர் மோட்டாரில் காயில் கருகிவிட்டது. மேனேஜர் போன் செய்தார், உரிமையாளர் வேறு கூட்டத்தில் இருந்தார். விருந்தினர்கள் மதியம் வரை குளிக்க முடியாமல் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் கேட்டது 1,800 ரூபாய். அந்த 1,800 ரூபாய்க்கு அனுமதி வர நாலு மணி நேரம் ஆயிற்று.

இந்தப் பகுதியின் நகரத்தார், அதாவது செட்டியார் வணிகர்கள், பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை ரங்கூனில் இருக்கும். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு அதிகாரத்தை எழுதிக் கொடுத்தே அனுப்பினார்கள். கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் அவர் பொறுப்பு. பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. முடிவில் லாபத்தைப் பார்த்துப் போனஸ். கணக்கு மட்டும் ஊருக்கு ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். இன்று கையில் போன் இருப்பதால் எழுதிக் கொடுக்க நமக்குத் தோன்றுவதில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பழுதின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சோதனை எளிது. ஒரு வாரம், வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போடுங்கள். பணம், வாடிக்கையாளர், ஆள் என்று மூன்று கட்டம் போதும். கேட்டவரிடம் பதில் சொல்லும் முன், "நீங்க என்ன செய்யலாம்னு நினைச்சீங்க?" என்று கேட்டு அதையும் குறியுங்கள். வார முடிவில் அவர் நினைத்ததும் நீங்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தால், கீழே முதல் இரண்டு காரணங்களில் ஒன்று.

எல்லை சொல்லப்படவில்லை என்பது முதல் காரணம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த விடுதியில் எழுதியது இப்படி: "3,000 ரூபாய் வரை பழுதுபார்ப்புக்குக் கேட்க வேண்டாம். அன்று இரவே பில்லைப் படம் எடுத்து அனுப்பவும். விருந்தினர் குறை சொன்னால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைக் கழித்துக்கொள்ளலாம், காரணத்தை எழுதவும். ஆளை நிறுத்துவது மட்டும் என்னைக் கேட்டு." நாலு வரிதான். அடுத்த வாரமே போன் பாதியாகக் குறைந்தது.

எல்லை சொல்லியும் கேட்கிறார்கள் என்றால், முன்பு தானாக முடிவெடுத்து யாரோ திட்டு வாங்கியிருக்கிறார். இது காசில் தீராது, பொறுமையில்தான் தீரும். ஒரு மாதம் வரை எல்லைக்குள் எடுத்த எந்த முடிவையும் மாற்றாதீர்கள், தவறாகத் தெரிந்தாலும். சனிக்கிழமை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். மற்றவர்கள் முன்னால் அதை எடுக்கவே கூடாது.

மூன்றாவது, முடிவெடுக்கத் தேவையான விவரமே முதலாளியின் தலையில்தான் இருக்கிறது. விலைப்பட்டியல், யாருக்கு எவ்வளவு கடன் தரலாம், எந்தப் பிளம்பர் நம்பகமானவர். இதற்கு ஒரு நோட்டும் இரண்டு மாலையும் போதும்.

இவை மூன்றும் இல்லை என்றால்தான் ஆள் போதாது என்ற முடிவுக்கு வர வேண்டும்.

நிபுணரைக் கூப்பிடும் இடம்: காசோலைக் கையெழுத்து, வழக்கு, சொத்து வாடகை இவற்றில் உங்களுக்காக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் தாள் போதாது. வக்கீலிடம் போய்ப் பவர் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதுங்கள். எதற்கு, எவ்வளவு வரை, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் அதிகாரம் தரும் பொதுப் பவரை அவசரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி 2: முன்னால் சொன்ன தேதி பின்னால் இருப்பவருக்குத் தெரியாது

ஆர்டர் நடுவில் காணாமல் போவது, ஒரே ஆர்டரை இரண்டு பேர் செய்துவிடுவது, கொடுத்த நாளுக்குப் பொருள் தயாராகாமல் இருப்பது. மூன்றும் ஒரே பழுதுதான்.

ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ணக் கல், செய்யும் பட்டறை ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஊறும் நாளைக் குறைக்க முடியாது. மழை வந்தால் காயும் நாளும் கூடும். முன்பு வீட்டுக்காரரே பட்டறைக்கு வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி கேட்பார். இப்போது கட்டட வடிவமைப்பாளர்கள் வெளியூரிலிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்புகிறார்கள். ஆபீஸில் இருக்கும் தம்பி தொட்டியைப் பார்க்காமலே "பதினஞ்சு நாள்ல வந்துரும் சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தேதி சொல்லும் வேலை ஆபீஸுக்கு வந்துவிட்டது, தேதியைத் தீர்மானிக்கும் தொட்டி பட்டறையில் இருக்கிறது, இரண்டையும் இணைக்க யாரும் எதுவும் செய்யவில்லை.

ஆர்டர் ஒரே இடத்தில் எழுதப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அதை மட்டும் இரண்டு வாரம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். வாட்ஸப், போன், நேரில் வருவது என எந்த வழியில் வந்தாலும் ஒரே நோட்டு, ஒரே வரிசை எண்.

எழுதப்படுகிறது என்றால், கை மாறும் இடத்தைப் பாருங்கள். கொடுத்தவர் கொடுத்துவிட்டேன் என்பார். வாங்கியவர் வாங்கிக்கொண்டதாகச் சொன்னாரா? இந்தப் பட்டறையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தோம். எந்த வரிசையில் எந்த ஆர்டர் ஊறுகிறது, எந்த நாள் காலியாகும் என்று மேஸ்திரி எழுதுவார். தினமும் காலை அதைப் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்புவார். பலகையில் இடம் பிடித்த பிறகுதான் ஆபீஸ் தேதி சொல்லும். அதோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே ஒரு பெயர், தொடக்கம் முதல் லாரி ஏறும் வரை. வேலையை யார் செய்தாலும் கேள்விக்குப் பதில் சொல்பவர் அவர்தான். இரண்டு பெயர் எழுதினால் ஒரு பெயரும் எழுதாதது மாதிரிதான்.

இவ்வளவும் சரியாக நடந்தும் தேதி தவறினால் கொள்ளளவே போதவில்லை. பலகையை ஒரு மாதம் வைத்திருந்தால் எங்கே முட்டுகிறது என்று அதுவே காட்டும். எனக்கு இங்கே ஒரு பிடிவாதம் உண்டு: அந்த ஒரு மாதக் குறிப்பு கையில் இல்லாமல் தொட்டி கட்டவோ கொட்டகை போடவோ காசு இறக்கக் கூடாது. குறிப்பு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பாருங்கள்.

அறிகுறி 3: ஒருவர் வரவில்லை என்றால் அன்றைய வேலை நிற்கிறது

பலகாரக் கடைகளில் இது அதிகம். அதிரசப் பாகின் பதம் ஒரு ஆச்சிக்குத்தான் தெரியும். அவர் மகள் வீட்டுக்குப் போனால் கடையில் அதிரசம் இல்லை. மில்லாக இருந்தால் அது மெக்கானிக். துணிக்கடையாக இருந்தால் பழைய கணக்குப்பிள்ளை.

அவர் வராத நாளை நீங்களே உண்டாக்குவதுதான் சோதனை. அடுத்த வாரம் ஒரு நாள் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். அன்று எவை எவை நின்றன என்று எழுதுங்கள். நின்ற ஒவ்வொன்றையும் பிரியுங்கள்: எழுதி வைத்தால் தீருவது எது, பார்த்துப் பழகினால்தான் வருவது எது?

எழுதி வைத்தால் தீருவது முதல் வகை. சரக்கு எங்கே வாங்குவது, அளவு என்ன, சாவி யாரிடம். ஒரு நாளில் முடிகிற வேலை.

பழகினால்தான் வருவது இரண்டாம் வகை. பாகுப் பதம் இதில் சேரும். வெல்லம் மாறினால் பதம் மாறும் என்று ஆச்சி சொல்வார், அதை எழுத முடியாது. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நாலாவது நாளிலிருந்து அவர் பாகு காய்ச்ச, ஆச்சி பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள் என்று ஒருவர் இருந்தார், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். பெயரிலேயே அடுத்தது யார் என்று இருக்கிறது பாருங்கள். உங்கள் கடையில் முக்கியமான ஐந்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அடுத்தாள் யார் என்று நிரப்பிப் பாருங்கள். காலியாக இருக்கும் கட்டங்கள்தான் உங்கள் பழுதுப் பட்டியல்.

மூன்றாம் வகை கொஞ்சம் வலிக்கக் கூடியது. தெரிந்தவர் சொல்லித்தர மறுக்கிறார். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். சொல்லித்தந்துவிட்டால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அது. பல இடங்களில் அந்தப் பயம் நியாயமானதாகவும் இருந்திருக்கிறது. அவருக்குச் சொல்லித்தரும் வேலைக்கென்று தனியாகச் சம்பளம் கூட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் அவரை ஆசிரியராக வையுங்கள். ஒரு கடையில் ஆச்சி பெயரையே பாக்கெட்டில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவரே இரண்டு பெண்களைக் கூப்பிட்டு வந்து பழக்கினார்.

அதற்கும் வழியில்லை என்றால்தான் வெளியிலிருந்து கைதேர்ந்த ஆளைக் கொண்டுவருவது. பழைய ஆள் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து வேலை பார்க்கும் காலம் இருக்க வேண்டும். ஒரு சீசன் முழுக்க என்றால் நல்லது. இரட்டைச் சம்பளம் ஆகும். கொடுங்கள்.

அறிகுறி 4: இரண்டாவது கடை திறந்ததும் முதல் கடையும் தடுமாறுகிறது

புதிய கடைக்கு நல்ல ஆட்கள் போய்விடுவார்கள், சரக்கு அங்கும் இங்கும் அலையும், எந்தக் கடை லாபம் எந்தக் கடை நஷ்டம் என்று சொல்ல முடியாது. "ரெண்டும் நம்ம கடைதானே" என்பார்கள். அந்த வார்த்தைதான் ஆபத்து.

நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரை, ஒரே வளவு (உள்முற்றம்), ஒரே முகப்பு. ஆனால் அந்தத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. கோயில் காரியத்திலும் அவர்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. பெரிய வீடு உடையாமல் இத்தனை பேரைத் தாங்கியதற்கு எது பொது, எது தனி என்பது முதல் நாளே தெளிவாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாவது கடைக்கும் இதையேதான் செய்யச் சொல்கிறேன்.

ஒரு தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் பொது: பெயர், பக்குவம், மொத்த மாவு வாங்குவது, விலை. வலது பக்கம் தனி: ஆட்கள், தினசரி வரவு செலவு, சில்லறைக் கொள்முதல், வேலை நேரம். எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை வருகிற விஷயங்கள் இரண்டு மூன்று இருக்கும். பெரும்பாலும் அவை விலைத் தள்ளுபடியும் ஆளை இடம் மாற்றுவதும். அவற்றை இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க, நேற்று இரண்டு கடைகளிலும் என்ன விற்றது, என்ன மிஞ்சியது என்று இன்று காலை பத்து மணிக்குள் தனித்தனியாகச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம், பிரியவில்லை. ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போகிற ஒரு கிலோ மனகோலப் பலகாரத்துக்கும் சீட்டு வேண்டும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடை வைத்தவர்கள் ஒவ்வொரு கடைக்கும் தனிக் கணக்கு வைத்துத்தான் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டார்கள்.

பேரேடு பிரிந்த பிறகும் இரண்டாவது கடை நஷ்டம் காட்டினால், இடமா, ஆளா, பொருளா என்று அப்போது பார்க்கலாம். அதற்கு முன்னால் பார்த்தால் தெரியாது.

ஆடிட்டரைக் கூப்பிட வேண்டிய நேரம், கடை திறப்பதற்கு முன். தமிழ்நாட்டுக்குள் என்றால் புதிய இடத்தைக் கூடுதல் வணிக இடமாக ஜிஎஸ்டி பதிவில் 15 நாளுக்குள் சேர்க்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் அங்கே தனிப் பதிவு. அங்கே இருக்கும் உங்கள் சொந்தக் கடைக்கே சரக்கு அனுப்பினாலும் வரி பில் போட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி முறை) இருப்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள்: அந்தத் திட்டத்தில் இருந்துகொண்டு வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பெங்களூருக்கு முதல் பார்சல் போகும் அன்றே உங்கள் வரி முறை மாறியாக வேண்டும். பலகாரக் கடைக்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், வரும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி.

அறிகுறி 5: மென்பொருள் வாங்கியும் நோட்டு ஓயவில்லை

நோட்டு எழுதுகிறவரைக் குறை சொல்லும் முன், அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இல்லாத எந்த விவரம் அதில் இருக்கிறது? அந்த விவரம்தான் காரணம்.

ஒரு சேலைக் கடையில் கண்டாங்கிச் சேலைகளை மென்பொருளில் ஏற்றினார்கள். அதற்கு ஒரு பொருள் என்றால் ஒரே மாதிரி நூறு இருக்க வேண்டும். கைத்தறிச் சேலையோ கட்டமும் கரையும் நிறமும் ஒவ்வொன்றும் வேறு. வாடிக்கையாளர் கேட்பது "போன தடவை வாங்கினேனே, அந்த அரக்குல மஞ்சள் கரை" என்று. எந்த நெசவாளர் எப்போது தந்தார் என்பதும் நோட்டில்தான் இருந்தது. கணக்குப் பெண் நோட்டை விடாததற்கு இதுதான் காரணம். அவர் செய்தது சரியும்கூட. சேலைக்கு ஒரு எண் கொடுத்து, நெசவாளர், நிறம், கரை என்று மூன்று கட்டம் சேர்த்ததும் நோட்டு தானாக நின்றது. அதற்கு மென்பொருள்காரர் வாங்கியது ஒரு நாள் கூலிதான்.

நோட்டில் கூடுதலாக எதுவும் இல்லை, அப்படியே நகல்தான் என்றால் பயம்தான் காரணம். ஒரு தேதி குறித்து, அதுவரை இரண்டும், அதற்குப் பிறகு ஒன்று என்று சொல்லுங்கள். அந்தத் தேதி வரை தினமும் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். மென்பொருளையே மாற்றுவது என்ற யோசனை, இவை இரண்டும் முடிந்த பிறகு.

அறிகுறி 6: சீசனில் நொறுங்குகிறது, சீசன் முடிந்தால் ஆள் சும்மா இருக்கிறார்கள்

நிலையான ஆட்களைச் சராசரி மாதத்துக்கு வைத்துவிட்டு, சீசனுக்கு மட்டும் கூடுதல் ஆளைக் கூப்பிடுவது எல்லோரும் செய்வது. சிக்கல், கூப்பிட்ட ஆளுக்கு வேலை சொல்லித்தரச் சீசனிலேயே நேரம் போவது. போன சீசனில் வந்தவர்களின் பட்டியலை வைத்திருந்து, ஐப்பசி தீபாவளிக்குப் புரட்டாசியிலேயே ஒரு நாள் கூப்பிட்டுப் பழக்கிவிடுங்கள். புதியவர்களுக்குப் பாக்கெட் போடுவது, எடை போடுவது போன்ற கை மாற்றினால் கெடாத வேலையைக் கொடுங்கள். அடுப்பு வேண்டாம்.

ஆள் எண்ணிக்கை 10ஐத் தொட்டால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), 20ஐத் தொட்டால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). சீசனுக்கு வந்தவர்களும் எண்ணிக்கையில் சேருவார்கள். ஒருமுறை சட்டத்துக்குள் வந்தால் பிறகு ஆள் குறைந்தாலும் தொடரும். எண்ணிக்கை நெருங்கும்போதே தொழிலாளர் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள். ஆட்களைத் தாளில் குறைத்துக் காட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு விபத்து நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்காமல் போய்விடும்.

அறிகுறி 7: எல்லாம் மாற்றி மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது

மேலே சொன்ன தாள்கள் எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும். யாரும் பார்ப்பதில்லை. தாள் ஒன்று சொல்லும், வேலை வேறு மாதிரி ஓடும்.

சோதனை: புதிதாகச் சேர்ந்த பையனிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, யாரிடம் கேட்டுச் செய்கிறான் என்று பாருங்கள். தாளைப் பார்க்கிறானா, பழைய ஆளிடம் போகிறானா?

பழைய ஆளிடம் போனால், அவரை உட்கார வைத்துத் தாளில் எது ஒத்துவரவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். தாள் எழுதிய நாளுக்குப் பிறகு தொழில் இன்னொரு முறை மாறியிருக்கும். விடுதியில் 3,000 ரூபாய் எல்லை போட்டபோது நாலு அறை. எட்டு அறையானதும் அந்த எல்லை கதையாகிவிட்டது.

அதனால் இப்போது நான் எழுதித் தரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு முடிவுத் தேதி போடுகிறேன். ஏஜெண்டின் மூன்று ஆண்டுத் தவணை மாதிரி. அந்தத் தேதிக்குப் பிறகு அந்த விதி செல்லாது; மறுபடி பேசிப் புதுத் தேதி போட்டால்தான் செல்லும். என் வேலையில் நான் கற்றுக்கொண்டதில் இதைத்தான் முதலில் வைப்பேன். விதியை மாற்றுவது அவமானமாகவோ சண்டையாகவோ ஆவதில்லை, தேதி வந்துவிட்டது, உட்காருகிறோம், அவ்வளவுதான். பலகாரக் கடைக்கும் கல்யாணச் சமையலுக்கும் ஆடியும் மார்கழியும் இதற்குத் தோதான மாதங்கள், முகூர்த்தம் கிடையாது. விடுதிக்கு மார்கழி சரிவராது, அப்போதுதான் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். சித்திரை வெயிலில் உட்காரலாம். ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை நீக்குங்கள்.

தேதி போட்டும் உட்காராமல் தள்ளிப்போகிறது என்றால், உட்கார வேண்டியவர்களுக்குள்ளேயே பிரச்சினை இருக்கிறது. அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி 8: ஒரே வேலைக்கு இரண்டு உத்தரவு

அண்ணன் ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறார். அல்லது அப்பா காலையில் சொன்னதை மகன் மாலையில் மாற்றுகிறார். வேலை செய்பவர்கள் யாருக்குக் கோபம் அதிகம் வரும் என்று பார்த்து அவர் சொன்னதைச் செய்கிறார்கள்.

சிறிய காரணமாக இருந்தால், துறை பிரிக்கவில்லை. வாங்குவது ஒருவர், விற்பது ஒருவர் என்று பிரித்து ஆட்களுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து நின்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். அப்புறம் மற்றவர் துறையில் ஏதாவது சொல்லத் தோன்றினால் ஆளிடம் சொல்லாமல் அவரிடமே சொல்ல வேண்டும். ஒரு மாதம் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.

கடைப்பிடிக்க முடியவில்லை என்றால் இது நடத்துமுறைப் பழுது கிடையாது. பங்கு, பணம், அடுத்த தலைமுறை இவற்றில் ஏதோ ஒன்று பேசப்படாமல் கிடக்கிறது. நான் இந்த இடத்தில் நின்றுவிடுவேன், நீங்களும் தாள் எழுதுவதை நிறுத்திவிட்டு வக்கீலையும் ஆடிட்டரையும் பாருங்கள். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதா என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பங்காளி இறந்தாலே அந்தக் கூட்டு கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டு, வெளியாரிடம் வரவேண்டிய பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. இவை தெரியாமல் நல்லபடியாக நடந்த கடைகள் ஒரு சாவோடு மூடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்கள் கையில் சாவியோடு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: பத்திரம் இருந்தால் அது, கடந்த மூன்று ஆண்டு ஐந்தொகை, ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடைக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்ற ஆவணம், வங்கியில் யார் யார் கையெழுத்து என்ற விவரம், கடையின் மேல் யாராவது சொந்தப் பணம் போட்டிருந்தால் அதன் தொகை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் ஒன்றாகப் போங்கள். ஒருவர் முன்னாலேயே போய்ப் பேசிவிட்டு வந்தால், மற்றவர் அந்த ஆபீஸ் சொல்வது எதையும் நம்பமாட்டார்.